சூப் ஒளிந்திருக்கும் கொழுக்கட்டை!



முதலில் ஒரு விடுகதை. "வெள்ளைக் குடிசை, கூரையில் கொசுவம், உள்ளே வெந்நீர்க் குளம். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் நாக்கு வெந்துபோகும். அது என்ன?"

யோசித்துக்கொண்டே படியுங்கள். எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்கும் இதன் விடை தெரியாமல் இருந்தது. தெரிந்துகொண்டபோது அவள் நாக்கு வெந்துவிட்டது!

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் எங்கள் ஊர். எங்கள் வாய்ப்பேச்சில் அது 'திருப்பாப்புலியூர்'. இங்கே ஆறாம் வகுப்பு படிக்கும் அந்தச் சிறுமி, விடுமுறைக்குச் சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். ஒரு மாலையில் பெரியப்பா அவளை ஒரு சின்னச் சீன உணவுக் கடைக்கு அழைத்துப் போனார். வட்டமான மூங்கில் கூடையில் ஆவி பறக்க எட்டுக் கொழுக்கட்டைகள் வந்தன.

"அட, நம்ம வீட்டுக் கொழுக்கட்டை!" என்று ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டுக் கடித்தாள். அவ்வளவுதான். உள்ளே இருந்த கொதிக்கும் சூப் பீறிட்டு அடித்தது. நாக்கு சுட்டது. மேல் அண்ணத்தில் கொப்புளம். புதுச் சட்டையில் கறை. அடுத்த இரண்டு நாளும் அவளுக்குத் தயிர்ச்சோறுதான்.

ஊர் திரும்பியதும் என்னிடம் வந்தாள். "தாத்தா, அடுத்த வருஷமும் போகப் போறேன். அதை நினைச்சா பயமாவும் இருக்கு, ஆசையாவும் இருக்கு. நல்ல கடை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாக்கு சுடாம எப்படிச் சாப்பிடறது?" என்று கேட்டாள்.

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள்! நாக்கு சுட்டதும் "இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று சொல்லாமல், "எப்படி?" என்று கேட்டாளே! அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அதன் பெயர் என்ன?

விடுகதையின் விடை இப்போது தெரிந்திருக்கும். அதுதான் சூப் கொழுக்கட்டை. சீன மொழியில் 'சியாவ்லோங்பாவ்' என்பார்கள். 'சியாவ்' என்றால் சிறியது. 'லோங்' என்றால் ஆவியில் வேகவைக்கும் மூங்கில் கூடை. 'பாவ்' என்றால் உள்ளே ஏதாவது வைத்துப் பொதிந்த பண்டம். சின்னக் கூடையில் வேகும் பொதிப் பண்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சீனாவின் ஷாங்காய் நகரை ஒட்டி நான்ஷியாங் என்று ஒரு பழைய ஊர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பண்டம் அங்கேதான் புகழ் பெற்றது. இன்று சிங்கப்பூர், தைவான், அமெரிக்கா என்று உலகம் முழுவதும் பரவிவிட்டது.

சூப் உள்ளே எப்படிப் போனது?

"ஊசி போட்டு ஏத்துவாங்களா தாத்தா?" என்று அந்தச் சிறுமி கேட்டாள். இல்லை. அதில் ஒரு அழகான அறிவியல் இருக்கிறது.

உங்கள் வீட்டில் மீன் குழம்பையோ ஆட்டுக்கால் பாயாவையோ இரவில் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். குழம்பு கெட்டியாகி, தட்டினால் தளதளவென்று ஆடும். அடுப்பில் வைத்தால் மறுபடியும் குழம்பாகிவிடும். காரணம் என்ன? எலும்பிலும் தோலிலும் 'கொல்லாஜன்' என்ற புரதம் இருக்கிறது. நீண்ட நேரம் கொதிக்கும்போது அது 'ஜெலட்டின்' ஆகி நீரில் கலந்துவிடும். குளிர்ந்தால் இந்த ஜெலட்டின், நீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு உறையும். சூடானால் உருகும்.

சூப் கொழுக்கட்டையிலும் இதே கதைதான். தோலையும் எலும்பையும் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்துச் சாறு எடுப்பார்கள். அதைக் குளிரவைத்து உறையச் செய்வார்கள். உறைந்ததைப் பொடிப்பொடியாக நறுக்கி, கொத்திய இறைச்சியோடு கலந்து, கோதுமை மாவுத் தோலுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். மூடும்போது உள்ளே இருப்பது கெட்டிதான். ஆவியில் வேகும்போது அது உருகி சூப்பாகிவிடும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

இதற்கு நம் ஊரிலும் உறவு உண்டு

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும். அதனால் அதை மிக மெல்லிய தோலாகத் தேய்க்க முடியும். அரிசி மாவுக்கு அந்த இழுவை கிடையாது. அதனால்தான் நம் பாட்டிமார்கள் கொழுக்கட்டைக்குக் கொதிக்கும் நீரை ஊற்றி மாவைக் கிளறுகிறார்கள். கொதிநீரில் மாவுப்பசை இளகி, மாவு கைக்கு வசப்படுகிறது. காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடுகிறார்கள். கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு கிண்ணம் போல் செய்து, பூரணம் வைத்து மூடுகிறார்கள். மாவு வேறு, உள்ளீடு வேறு. ஆனால் வேலை ஒன்றுதான்: மெல்லிய தோல், நிறைந்த வயிறு, ஓட்டை இல்லாத வாய், ஆவியில் குளியல்!

சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியை மாங்குடி மருதனார் பாடினார். பாண்டியன் நெடுஞ்செழியனின் மதுரையில் நள்ளிரவுக் காட்சி ஒன்று அதில் வருகிறது. உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தையும் மற்றப் பண்டங்களையும் விற்றுக் களைத்த வணிகர்கள், கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்குகிறார்களாம். கடைத்தெருவில் கொழுக்கட்டை தேடி அலைவது தமிழனுக்குப் புதிதல்ல!

இன்று நம் ஊர்களில் தள்ளுவண்டியில் விற்கும் மோமோவும் இந்தக் குடும்பம்தான். அது திபெத், நேபாளப் பக்கத்துப் பண்டம். நேபாளத்தில் 'ஜோல் மோமோ' என்று ஒரு வகை உண்டு. அதில் மோமோ சாற்றில் மிதக்கும். நம் பால் கொழுக்கட்டையும் அப்படித்தானே பாலில் மிதக்கிறது? அவற்றுக்கெல்லாம் சாறு வெளியே. சியாவ்லோங்பாவுக்குச் சாறு உள்ளே!

நல்ல கடைக்கு ஆறு அடையாளங்கள்

கடையின் பெயர்ப்பலகை பெரிதாக இருக்கிறதா, விளக்கு மின்னுகிறதா என்று பார்த்துப் பயனில்லை. இந்த ஆறையும் பாருங்கள்.

1. காத்திருக்கச் சொல்கிறார்களா? சொன்னால் மகிழ்ச்சி அடையுங்கள்! நீங்கள் கேட்ட பிறகு வேகவைத்தால் பத்து நிமிடமாவது ஆகும். கேட்ட மறுவிநாடியே தட்டு வந்தால், அது எப்போது வெந்ததோ! வெந்து நெடுநேரமானால் தோல் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். கடிக்கும்போது உள்ளே சூப் இருக்காது.

2. செய்யும் கை தெரிகிறதா? நல்ல கடைகள் பலவற்றில் சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்திருப்பார்கள். தைவான் நாட்டின் தைபே நகரில் யாங் பிங்யீ என்பவர் 1958-இல் 'டின் டாய் ஃபங்' என்ற பெயரில் சமையல் எண்ணெய்க் கடை தொடங்கினார். பிறகு எண்ணெய் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. கடையில் சூப் கொழுக்கட்டை செய்து விற்கத் தொடங்கினார். 1972-இல் அது முழு உணவகமாக மாறியது. இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு கொழுக்கட்டைக்கும் 18 மடிப்பு. தோல் 5 கிராம், உள்ளீடு 16 கிராம் என்று எடை போட்டுச் செய்கிறார்கள். ஒளிக்க ஏதும் இல்லாதவர்கள் கண்ணாடிச் சுவருக்கு அஞ்சமாட்டார்கள்.

3. தோல் எப்படி இருக்கிறது? இடுக்கியாலோ குச்சியாலோ மேல் கொசுவத்தைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். நல்ல கொழுக்கட்டை, நீர் நிறைந்த சின்னப் பை போலத் தொங்கும், கிழியாது. கூடையில் ஒட்டிக்கொண்டு அடி கிழிந்தால் சூப் முழுவதும் கூடைக்கே! தோல் தடிமனாகி மேல் முடிச்சு மாவாகவே இருந்தால் அதுவும் குறைதான்.

4. சாறு எப்படி இருக்கிறது? மணம் நன்றாக இருக்க வேண்டும். நாக்கில் எண்ணெய்ப் படலம் மட்டும் மிஞ்சினால் சாறு சரியாகக் காய்ச்சப்படவில்லை என்று பொருள். உப்பும் காரமும் தூக்கலாக இருந்தால், அவை எதையாவது மறைக்கின்றனவா என்று சந்தேகப்படுங்கள்.

5. பட்டியல் எவ்வளவு நீளம்? நூறு பண்டங்கள் எழுதியிருக்கும் கடையைவிட, ஐந்தாறு பண்டங்களை நாள் முழுவதும் செய்யும் கடையில் கை பழகியிருக்கும். கொல்கத்தாவில் டிரெட்டி பஜார் என்ற இடத்தில் சீன வம்சாவளியினர் விடியற்காலையில் ஆவியில் வெந்த பண்டங்களையும் சூப்பையும் விற்கிறார்கள். காலையிலேயே வியாபாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அன்றன்று செய்து அன்றன்று தீர்வது நல்ல அடையாளம்.

6. சுத்தமாக இருக்கிறதா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பணம் வாங்கிய கையாலேயே பண்டத்தைத் தொடுகிறார்களா? தட்டு கழுவும் நீர் எப்படி இருக்கிறது? நம் நாட்டில் உணவுக் கடைகள் உரிமம் அல்லது பதிவு பெற வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். அதைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

மோமோவுடன் வெள்ளையாக மயோனைஸ் வைக்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. பச்சை முட்டையில் 'சால்மோனெல்லா' என்ற கிருமி இருக்கக்கூடும். வாந்தி, பேதி, காய்ச்சல் எல்லாம் வரும். அதனால்தான் தமிழக அரசு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. மோமோ ஆவியில் நன்றாக வெந்திருக்கலாம். ஆபத்து பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கலாம்! தொட்டுக்கொள்ள வைப்பதையும் கவனியுங்கள்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேங்காய்ப் பூரணம் சீக்கிரம் ஊசிப்போகும். விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டையை மறுநாள் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகும் வீரர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

நாக்கு சுடாமல் சாப்பிட

சூப் கொழுக்கட்டையை ஏன் பொறுமையாகச் சாப்பிட வேண்டும்? மேல்தோல் காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே அடைபட்ட சாறு ஆறாது. கை தொட்டுப் பார்த்து "ஆறிவிட்டது" என்று ஏமாறுவது இப்படித்தான்.

முதலில் கூடை வந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். ஒன்றை எடுத்து ஆழமான கரண்டியில் வையுங்கள். ஓரத்தில் எலி கடித்தது போல் சின்னதாக ஒரு துளை போடுங்கள். ஆவி வெளியேறட்டும். சாறு கரண்டியில் வடியும். ஊதி ஊதி அதைக் குடியுங்கள். பிறகு, மெல்லிதாக நறுக்கிய இஞ்சியும் கறுப்புக் காடியும் தொட்டுக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிடுங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் உடனே குளிர்ந்த நீரை வாயில் வைத்துக் கொப்பளியுங்கள்.

கேட்டுச் சாப்பிடுங்கள்

சூப் கொழுக்கட்டையின் வழக்கமான உள்ளீடு பன்றி இறைச்சி. உறைந்த சாறும் பெரும்பாலும் பன்றித் தோலில் எடுத்ததுதான். சில கடைகளில் நண்டு, இறால் சேர்ப்பார்கள். கோழியில் மட்டும் செய்யும் கடைகளும் உண்டு. காய்கறி மட்டும் வைத்ததும் கிடைக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும்! அந்தச் சிறுமியின் பெரியப்பா "கோழி மட்டும்தானே? சாறும் கோழியா?" என்று கேட்ட பிறகுதான் வாங்கினார்.

உங்கள் வீட்டில் இறைச்சி சாப்பிடமாட்டார்களா? பன்றி இறைச்சி கூடாதா? இறால், வேர்க்கடலை உங்களுக்கு ஒவ்வாதா? கூச்சப்படாமல் கேளுங்கள். "இதுல என்ன இருக்கு?" என்று கேட்பது அநாகரிகம் இல்லை. நல்ல கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொல்வார். எரிந்து விழுந்தால், அது வேறு கடை பார்க்க நேரம் வந்ததற்கு அடையாளம். அதே சமயம், பக்கத்து மேசைக்காரர் நாம் சாப்பிடாததைச் சாப்பிட்டால் முகம் சுளிக்கவும் கூடாது. அவர் வீட்டுப் பாட்டியின் கொழுக்கட்டை அது!

ஊரிலேயே பழகலாம்

"இதுக்கெல்லாம் சிங்கப்பூர் போகணுமே தாத்தா, அதுவரைக்கும்?" என்றாள் சிறுமி.

"எதுக்குப் போகணும்? இங்கேயே கண்ணைப் பழக்கு" என்றேன்.

ஒரு குறிப்பேட்டில் ஆறு கட்டம் போட்டாள். லாரன்ஸ் சாலைப் பக்கம் இட்லிக் கடையில் தட்டில் இருந்து ஆவி வருகிறதா என்று பார்த்தாள். சிதம்பரத்துக்கு அத்தை வீட்டுக்குப் போனபோது இட்லிக்கும் கொத்சுக்கும் மதிப்பெண் போட்டாள். வீட்டில் பாட்டியின் கொழுக்கட்டைக்கும் போட்டாள். சுவைக்குப் பத்துக்குப் பத்து, தோலுக்கு ஆறு! பாட்டிக்கு முதலில் கோபம். அப்புறம் சிரித்துவிட்டு, "அப்போ நீயே வந்து தட்டிக் காட்டு!" என்றார். அன்றுதான் அவளுக்கு மாவு கையில் ஒட்டுவதும் விரிவதும் எவ்வளவு பாடு என்று தெரிந்தது. பாட்டிக்கு மதிப்பெண்ணை எட்டாக உயர்த்திவிட்டாள்!

வீட்டில் ஒரு சோதனை

பெரியவர்கள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். சைவச் சூப் கொழுக்கட்டை!

ஜெலட்டினுக்குப் பதில் நமக்குக் கடல்பாசி இருக்கிறது. கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் தருவார்கள். இது கடலில் வளரும் பாசியில் இருந்து எடுப்பது. நம் ராமநாதபுரம் கடலோரத்திலும் பெண்கள் மூழ்கி இத்தகைய பாசியைச் சேகரிக்கிறார்கள்.

ஒரு தம்ளர் காய்கறிச் சாற்றில் உப்பு, மிளகுத்தூள் போட்டு, ஒரு தேக்கரண்டி கடல்பாசித் தூளைக் கலந்து இரண்டு நிமிடம் கொதிக்கவையுங்கள். தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். உறைந்ததும் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். மலர வெந்த பாசிப்பருப்பு, கேரட் துருவல், நொறுக்கிய பண்ருட்டி முந்திரி இவற்றோடு கலந்துகொள்ளுங்கள். கொழுக்கட்டை மாவில் வைத்து நன்றாக மூடுங்கள். இட்லிப் பானையில் வாழையிலை போட்டு எட்டு முதல் பத்து நிமிடம் வேகவிடுங்கள். சூடாக இருக்கும்போதே, கரண்டியில் வைத்து, சின்னத் துளை போட்டுச் சாப்பிடுங்கள். கடல்பாசி ஜெலட்டினைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். ஆறினால் சீக்கிரமே மறுபடி உறைந்துவிடும்.

முதல் ஈட்டில் சில ஒழுகத்தான் செய்யும். எங்கள் சிறுமி செய்த பத்தில் நான்கு ஒழுகிவிட்டன. மிச்சம் ஆறில் இருந்து சாறு வந்தபோது அவள் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்கே கேட்டது. பாட்டி கரண்டியில் ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கொழுக்கட்டைக்குள்ள சாறா! அடுத்த வருஷம் அந்த ஊர்க் கடையில, எத்தனை மடிப்புன்னு எண்ணிட்டு வந்து சொல்லு."

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம்: இந்த ஞாயிற்றுக்கிழமை ஆவியில் வெந்த ஏதாவது ஒரு பண்டத்துக்கு, ஆறு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுங்கள். கடைப் பண்டமானால் சுத்தத்துக்கான கட்டத்தை முதலில் நிரப்புங்கள். வீட்டுப் பண்டமானால், மதிப்பெண் போடும் முன் ஒன்றையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள்!